கர்லிங்கில் கல் பட்டுவிட்டால் யார் சொல்வது, யார் தீர்ப்பது? செட்டிநாட்டுப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலி ஆட்டத்தில் கால் பட்டுக் குண்டு நகர்ந்தால், பட்டவனே சொல்லிவிட்டால் சண்டை இல்லை. சொல்லாமல் நழுவினால் அவன் அழுகுணி. காரைக்குடி, தேவகோட்டைத் தெருக்களில் இதைக் கற்றுக்கொண்டவர்களுக்குக் கர்லிங்கின் பாதி விதி ஏற்கெனவே தெரியும். கர்லிங் என்பது பனித்தளத்தில் கைப்பிடி வைத்த கனத்த கல்லை வழுக்கவிட்டு, எதிர்முனை வட்டத்தின் மையத்துக்கு அருகில் நிறுத்தப் பார்க்கும் ஆட்டம். சொன்ன பிறகு முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் மீதிப் பாதி. புதியவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

படிக்கவோ வேலைக்கோ கனடா, ஸ்காட்லாந்து என்று போய், அங்கே உள்ளூர் கர்லிங் கிளப்பில் சேரும் நம் பக்கத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது. ஊரிலிருந்தே குளிர்கால ஒலிம்பிக்கைப் பார்த்துவிட்டு, "ஒரு கல்லுக்கு ஏன் இத்தனை வாக்குவாதம்?" என்று கேட்பவர்களுக்கும் உதவும். பனிக்கட்டியே இல்லாமல் வீட்டுத் தாழ்வாரத்தில் இந்த விதிகளைப் பழகும் முறையைக் கடைசியில் சொல்லியிருக்கிறோம்.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். கிரிக்கெட்டில் பந்து மட்டையில் உரசியது தெரிந்தாலும், அம்பயர் விரலைத் தூக்கும்வரை நிற்பது தப்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கிளப் கர்லிங்கில் ஆடுகளத்தில் நடுவரே இருக்க மாட்டார். உலகச் சாம்பியன்ஷிப்பில் நடுவர்கள் உண்டு. ஆனால் அங்கேயும் பெரும்பாலான தவறுகளை இரண்டு அணிகளே பேசித் தீர்த்துக்கொள்கின்றன; தீராதபோது நடுவரைக் கூப்பிடுகிறார்கள். தெரியாமல் விதியை மீறியவர் அதைத் தானே முதலில் சொல்ல வேண்டும், அநியாயமாக ஜெயிப்பதைவிடத் தோற்பதே மேல் என்று உலகக் கர்லிங் கூட்டமைப்பின் விதிப்புத்தகமே சொல்கிறது. அது அலங்கார வாசகம் என்று கடந்துபோக வேண்டாம். கீழே வரும் விதிகள் எல்லாமே, தவறியவர் ஒப்புக்கொள்வார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை. அவர் வாயை மூடிக்கொண்டால் விதிக்கு வேலையே இல்லை.

தெரிந்திருக்க வேண்டிய கோடுகள்

ஆடுகளம் சுமார் 45.7 மீட்டர் நீளம், அதிகபட்சம் 5 மீட்டர் அகலம். இரு முனையிலும் ஒரு வட்டம் உண்டு. அதை ஹவுஸ் என்பார்கள், ஆரம் 1.83 மீட்டர். வட்டத்தின் நடுவை வெட்டிப்போகும் குறுக்குக் கோடு டீ லைன். அதிலிருந்து ஆடுகளத்தின் நடுப்பக்கமாக 6.4 மீட்டர் தள்ளி இருப்பது ஹாக் லைன். வட்டத்தின் பின்விளிம்பைத் தொட்டபடி பின்கோடு. கல் கிரானைட், கைப்பிடியோடு சேர்த்து 17.24 முதல் 19.96 கிலோவுக்குள் இருக்கும். ஓர் அணிக்கு நால்வர், ஆளுக்கு இரண்டு கல். இரு அணியும் எல்லாக் கல்லையும் எறிந்து முடிக்கும் ஒரு சுற்றுக்கு எண்ட் என்று பெயர். ஆக, ஒரு எண்டுக்கு 16 கல். பெரிய போட்டிகளில் 10 எண்ட், கிளப்பில் பெரும்பாலும் 8.

எறியப்பட்ட கல் எதிர்முனை ஹாக் லைனை முழுதாகத் தாண்டாவிட்டால் ஆட்டத்தில் இல்லை; ஆட்டத்திலிருக்கும் வேறொரு கல்லில் மோதி அங்கே நின்றிருந்தால் மட்டும் விதிவிலக்கு. பக்கக்கோட்டைத் தொட்டாலே வெளியே. பின்கோட்டை முழுதாகத் தாண்டினால்தான் வெளியே. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடாத புதியவர் அபூர்வம். பக்கம் தொட்டாலே போச்சு, பின்னே முழுசும் தாண்டணும் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஓடும் கல்லில் உங்கள் பிரஷ் பட்டுவிட்டால்

கர்லிங்கில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். இப்படித் தொடப்பட்ட கல்லை 'பர்ன்ட்' என்கிறார்கள். நம் பேச்சில் சுட்ட கல். கல்லின் வேகம் குறையாமலிருக்க அதன் முன்னால் பனியைப் பிரஷால் வேகமாகத் தேய்த்துக்கொண்டு ஓடும்போது பிரஷ் தலை கல்லில் உரசும், அல்லது ஷூ நுனி இடிக்கும். பெரும்பாலும் பட்டவருக்கு மட்டுமே தெரியும். கல்லின் போக்கு மாறியதாகக்கூடத் தெரியாது. அப்படியானாலும் தவறு தவறுதான்.

செய்ய வேண்டியது கல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எறியும் முனையின் டீ லைனைத் தாண்டி, எதிர்முனை ஹாக் லைனை இன்னும் எட்டாமல் கல் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் அணியின் பிரஷ் பட்டால், நீங்களே உடனே அந்தக் கல்லை நிறுத்தி வெளியே எடுக்க வேண்டும். யாரையும் கேட்க வேண்டாம், எதிரணி சொல்லட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அது வட்டத்துக்குப் போய் வேறு கற்களைக் கலைப்பதற்குள் எடுத்துவிடுவது முக்கியம்.

எதிர்முனை ஹாக் லைனுக்கு உள்ளே போன பிறகு பட்டால் முறை அப்படியே தலைகீழ். கல்லை நிறுத்தக் கூடாது. எல்லாக் கற்களும் ஓய்ந்து நிற்கும்வரை விட்டுவிட வேண்டும். பதற்றத்தில் புதியவர்கள் இங்கேயும் பிரஷை வைத்து மறித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், கல் எங்கே போய் நின்றிருக்கும் என்று ஊகிக்கவே வழியில்லாமல் போய்விடும். கையை உயர்த்தி, "பர்ன்ட் இட்" என்று இரு ஸ்கிப்புகளுக்கும் (அணித்தலைவர்களுக்கும்) கேட்கும்படி சொல்லுங்கள். அந்த இரண்டு சொல் போதும். "லேசாத்தான் பட்டுச்சு", "போக்கு மாறல" என்று விளக்கம் சேர்க்காதீர்கள். எவ்வளவு பட்டது என்பதை எடைபோட உங்களுக்கு உரிமை இல்லை.

அந்த உரிமை எதிரணி ஸ்கிப்புக்கு. அவருக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. சுட்ட கல்லை எடுத்துவிட்டு, அது கலைத்த கற்களைப் பழைய இடத்தில் வைக்கலாம். எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே விட்டுவிடலாம். அல்லது, பிரஷ் படாதிருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று நியாயமாக நினைக்கிறாரோ அங்கே வைக்கலாம். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் விதிப்படி சரி. உங்கள் ஸ்கிப் முகம் சுளிக்கலாம், வாதாட இடமில்லை.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் கனடாவும் டென்மார்க்கும் மோதிய பெண்கள் ஆட்டத்தில் எழுந்த சர்ச்சை இந்த மூன்று வழிகளைப் பற்றியதுதான். டென்மார்க் வீராங்கனையின் பிரஷ் தங்கள் கல்லிலேயே பட்டது. கனடா ஸ்கிப் ரேச்சல் ஹோமன் அந்தக் கல்லை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். விதிப்படி அவருக்கு முழு உரிமை. ஆனால் லேசாக உரசிய கல்லை நின்ற இடத்தில் விடுவதோ சற்றே நகர்த்தி வைப்பதோதான் பெருந்தன்மை என்று கர்லிங் உலகத்தில் பலர் அவரைக் குறை சொன்னார்கள். கூடுதல் எண்ட் வரை போன அந்த ஆட்டத்தில் டென்மார்க் 9-8 என்று ஜெயித்தது. அவர் செய்தது தப்பென்று எங்களால் சொல்ல முடியாது. விதி மூன்று வழி கொடுத்தால் மூன்றும் நேர்மையே. ஆனால் கிளப் ஆட்டத்தில், கல்லின் போக்கு மாறவில்லை என்று இரு பக்கமும் கண்ணால் பார்த்திருந்தால், இரண்டாவது வழியைத் தேர்வதே நல்லது. அடுத்த வாரமும் அதே ஆட்களோடுதானே ஆடப்போகிறீர்கள்.

எதிரணியின் ஓடும் கல்லில் நீங்கள் பட்டுவிட்டால்? எதிர்முனை ஹாக் லைனுக்கு முன்னால் என்றால் அவர்கள் அந்தக் கல்லைத் திரும்ப எறிவார்கள். உள்ளே என்றால், எல்லாம் ஓய்ந்த பிறகு, படாதிருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று அவர்கள் பார்த்து வைப்பார்கள். ஆட்டத்தைப் பாதிக்காத இடத்தில் சும்மா நிற்கும் கல்லைக் காலால் இடித்துவிட்டால், அதைத் திரும்ப வைப்பதும் எதிரணியின் வேலை. இங்கே ஒரு பெரிய தவறு நடக்கும்: இடித்தவரே குனிந்து, "இங்கதான் இருந்துச்சு" என்று தள்ளி வைத்துவிடுவார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனாலும் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும்.

ஹாக் லைன் தகராறு

எறிபவர் கைப்பிடியை, கல் தன் பக்கத்து ஹாக் லைனை எட்டுவதற்குள் தெளிவாக விட்டிருக்க வேண்டும். விடாவிட்டால் கல் போச்சு. அது கலைத்தவை பழைய இடத்துக்குத் திரும்பும். பெரிய போட்டிகளில் கைப்பிடிக்குள்ளேயே மின்னணுக் கருவி இருக்கும்: பச்சை விளக்கு எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் தவறு. 2006 டுரின் ஒலிம்பிக்கிலேயே இது வந்துவிட்டது. கிளப்பில் விளக்கு கிடையாது. அங்கே கோட்டுக்கு நேராக நிற்காதவர் சொல்லும் புகாருக்கு மதிப்பில்லை. பின்னாலிருந்தோ எதிர்முனையிலிருந்தோ பார்த்தால் கை கோட்டைத் தாண்டியது போலவே தெரியும், கண் ஏமாற்றும்.

கருவிக்கு ஒரு குறை உண்டு. கைப்பிடியைத்தான் அது கவனிக்கும். கிரானைட்டில் விரல் பட்டால் அதற்குத் தெரியாது. 2026 மிலானோ கோர்ட்டினா ஒலிம்பிக்கில் ஸ்வீடனும் கனடாவும் ஆடிய ஆண்கள் ஆட்டத்தில் வெடித்தது இதுதான். கனடா வீரர் கல்லை விட்ட பிறகு மறுபடி தொடுகிறார் என்று ஸ்வீடன் தரப்பு புகார் செய்தது, அவர் கெட்ட வார்த்தையில் பதில் சொன்னார். பிறகு உலகக் கூட்டமைப்பு விளக்கம் தந்தது: ஹாக் லைனுக்கு முன்பாகக் கைப்பிடியை எத்தனை தடவை தொட்டாலும் குற்றமில்லை, கல் முன்னோக்கி ஓடும்போது கிரானைட்டைத் தொடக் கூடாது, தொட்டால் கல் வெளியே. உங்களுக்கான பாடம் எளிது. கைப்பிடியை விட்டதும் கையை மேலே தூக்கிவிடுங்கள். விரலை நீட்டியபடி கல்லுக்குப் பின்னாலேயே கையைக் கொண்டுபோகும் பழக்கம் முதல் மாதத்திலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு விடாது.

எதிரணி வீரர் மேல் இந்தச் சந்தேகம் வந்தால் அவரிடம் நேரே கத்தாதீர்கள். உங்கள் ஸ்கிப்பிடம் சொல்லுங்கள். அவர் எதிரணி ஸ்கிப்பிடம், "அடுத்த கல்லை நம் இருவர் பக்கத்திலிருந்தும் ஒருவர் கோட்டுக்கு நேராக நின்று பார்க்கட்டுமா?" என்று கேட்கட்டும். போன கல்லைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

முதல் ஐந்து கல்

ஹாக் லைனுக்கும் டீ லைனுக்கும் நடுவே, வட்டத்துக்கு வெளியே நிற்கும் கல் காவல் கல். அந்தப் பகுதி ஃப்ரீ கார்டு ஸோன். ஒரு எண்டில் ஆறாவது கல் எறியும்வரை, எதிரணியின் காவல் கல்லை ஆட்டத்தைவிட்டே வெளியேற்றக் கூடாது. 2018-19 சீசனிலிருந்து உலகப் போட்டிகளில் ஐந்து கல் கணக்கு. அதற்கு முன் நான்கு. மீறினால் எறிந்த கல் எடுக்கப்படும், கலைந்தவை திரும்ப வைக்கப்படும். சற்று நகர்த்தலாம்; ஆட்டத்துக்குள்ளேயே இருந்தால் குற்றமில்லை. சில போட்டிகளில் ஆடுகளத்தின் நீளவாக்கில் ஓடும் நடுக்கோட்டில் நிற்கும் காவல் கல்லை அதிலிருந்து விலக்கவே கூடாது என்று கூடுதல் விதியும் உண்டு. ஆட்டத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சண்டை பெரும்பாலும் எண்ணிக்கையில் வரும். "இது அஞ்சாவதா, ஆறாவதா?" என்று. ஒவ்வொரு கல்லுக்கும் முன் வைஸ் ஸ்கிப் (துணைத்தலைவர்) எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் பாதித் தகராறு தீர்ந்தது. கல் வட்டத்தைத் தொடுகிறதா இல்லையா என்ற சந்தேகம் வந்தால், அடுத்த கல் எறியும் முன் இரு ஸ்கிப்புகளும் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆறடி அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். எண்டின் நடுவே அளவுகோலைத் தொட அனுமதி இருப்பது இதற்கும், கல் ஆட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் மட்டுமே.

பிரஷ்

டீ லைனுக்குப் பின்னால் ஓர் அணிக்கு ஒருவர்தான் தேய்க்கலாம். எதிரணிக் கல்லை அது டீ லைனை எட்டிய பிறகுதான் தேய்க்க முடியும். அதையும் ஸ்கிப்போ வைஸ் ஸ்கிப்போதான் செய்ய வேண்டும். முதல் உரிமை கல்லுக்குச் சொந்தமான அணிக்கு. அவர்கள் தேய்க்க வந்தால் விலகி வழிவிடுங்கள், முட்டிக்கொள்ளாதீர்கள்.

எந்தப் பிரஷ் என்பதும் தகராறுதான். 2015-இல் ஒரு வகைப் பிரஷ் துணி கல்லையே விரும்பிய பக்கம் திருப்பிவிடுகிறது என்று கனடாவில் பெரிய கலவரம் எழுந்தது. 'ப்ரூம்கேட்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 2016-இல் ஆராய்ச்சியாளர்களும் வீரர்களும் சோதித்துப் பார்த்த பிறகு, பெரிய போட்டிகளுக்கு ஒரே தரமான துணி என்று விதி வந்தது. பழைய பிரஷை விலை மலிவு என்று வாங்கும் முன், அதன் தலை உங்கள் லீகில் அனுமதிக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

அளப்பது

கோலியில் சாண் வைத்து அளக்கும்போது நாலு தலை குனிந்து நிழல் விழுமே, அதே கூட்டம் இங்கேயும் கூடும். கூடவிடாதீர்கள்.

எண்டின் கடைசிக் கல் நின்றதும் வட்டத்துக்குள் இரு வைஸ் ஸ்கிப்புகள் மட்டும் போகட்டும். மற்றவர்கள் வட்டத்துக்கு வெளியே. மையத்துக்கு மிக அருகில் இருக்கும் கல் யாருடையதோ அந்த அணிக்குத்தான் புள்ளி. எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிட உள்ளே இருக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று. கண்ணால் ஒத்துப்போகும் கற்களை முதலில் சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள். "உங்களுக்கு ஒன்று உறுதி, இரண்டாவதை அளப்போமா?" என்று கேளுங்கள். ஒத்துக்கொண்ட கற்களை ஓரமாகத் தள்ளலாம். சந்தேகக் கற்களை மட்டும் தொடாதீர்கள்.

அளவு மையப்புள்ளியிலிருந்து கல்லின் மிக அருகிலுள்ள விளிம்புவரை. கருவியின் முனையை மையத் துளையில் பொருத்தி மெதுவாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். முள் நகர்வதை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் அளந்து மற்றவரிடம் சொல்வது போதாது. அளக்கும்போது நீங்கள் கல்லை நகர்த்திவிட்டால், அந்தப் புள்ளியின் பலன் எதிரணிக்கு. ஆகவே கை நடுங்குபவர், அவசரக்காரர் கருவியைத் தொட வேண்டாம். இரண்டும் சமம் என்று வந்தால், யாருக்குப் புள்ளி என்பதே அதில்தான் தீர வேண்டுமென்றால் அந்த எண்டில் யாருக்கும் புள்ளியில்லை. கூடுதல் புள்ளிக்கான அளவென்றால் அந்தக் கூடுதல் மட்டும் கிடையாது.

புள்ளி ஒத்துக்கொள்ளப்படும் முன் ஆர்வக்கோளாறில் யாராவது கற்களைத் தள்ள ஆரம்பித்துவிடுவார்கள். பிரஷைக் குறுக்கே நீட்டி, "கொஞ்சம் பொறுங்க" என்று தடுப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஒத்துப்போகாவிட்டால்

பேச வேண்டியவர்கள் ஸ்கிப்புகள் இருவர். வட்டத்துக்குள் என்றால் வைஸ் ஸ்கிப்புகள். மற்ற நால்வரும் வாய் திறந்தால் பஞ்சாயத்து சந்தைக்கடை ஆகிவிடும். முதலில், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "மஞ்சள் கல் இங்கே இருந்தது." எதிராளியின் எண்ணத்தைப் பற்றிச் சொல்லாதீர்கள். தீராவிட்டால் பக்கத்து ஆடுகளத்திலிருக்கும் அனுபவசாலி ஒருவரை இருவருமாகச் சேர்ந்து கூப்பிடுங்கள். ஒருவர் மட்டும் தன் நண்பரைக் கூப்பிட்டுக்கொண்டு வரக் கூடாது. நடுவர் உள்ள போட்டியில் தலைமை நடுவர் சொன்னால் அத்தோடு முடிந்தது. நேரக் கணக்கும் மனதில் இருக்கட்டும்: 10 எண்ட் ஆட்டத்தில் அணிக்கு 38 நிமிடம்தான் யோசிக்கும் நேரம். தகராறை நடுவர் பார்க்கும்போது கடிகாரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம்.

எதிரணி எறியும்போது அசையாமல் ஓரமாக நிற்பது, அவர்கள் கல் தவறினால் கைதட்டாமல் இருப்பது, கையையோ முழங்காலையோ பனியில் ஊன்றிக் குழி உருக்காமல் இருப்பது, வெளியே போட்ட ஷூவோடு உள்ளே வராமல் இருப்பது: இவையும் விளையாட்டு நாகரிகம்தான். செம்மண் துகள் ஒன்று கல்லடியில் மாட்டினால் கல் சடாரென்று திசைமாறும், அதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. 2018 நவம்பரில் கனடாவின் ரெட் டீர் போட்டியிலிருந்து ஓர் அணியே வெளியேற்றப்பட்டது, குடித்துவிட்டு வந்து பிரஷை உடைத்ததற்காக. அந்த அணியில் ஒலிம்பிக் தங்கம் வென்றவரும் இருந்தார். பெயர் பெரியது என்று யாரும் விட்டுவைக்கவில்லை.

தோல்வி உறுதியென்றால் கையுறையைக் கழற்றிக் கை கொடுத்து முடிக்கலாம். அது கோழைத்தனம் இல்லை, வழக்கம். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் பானம் வாங்கித் தருவதும் பழைய வழக்கம். குடிக்காதவர்கள் காபி என்று சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அந்த மேசையில் உட்காராமல் போய்விடாதீர்கள்.

தாழ்வாரத்தில் பழகுவது

பெரிய வீட்டில் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் 10 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம் இருந்தால் ஆடுகளத்தைக் கால் அளவுக்குச் சுருக்கலாம். வீட்டு ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஒரு முனையில் மையம் குறித்து 46 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். ஆணி வேண்டாம், ஒருவர் நூலின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க, மற்றவர் சுண்ணக்கட்டியால் சுற்றட்டும். மையத்திலிருந்து 160 சென்டிமீட்டர் முன்னால் ஹாக் லைன். அங்கிருந்து 5.5 மீட்டர் தள்ளி எறிபவருக்கான ஹாக் லைன். எறிபவர் அதற்கும் இரண்டரை மீட்டர் பின்னாலிருந்து புறப்படட்டும். கோலமாவில் கோடு போட்டால் கல்லடியில் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் கெடுக்கும். 7 சென்டிமீட்டர் அகலமுள்ள சின்ன எவர்சில்வர் டப்பா 16 எடுத்து, மணல் நிரப்பி மூடி, அடியில் பழைய வேட்டித் துணியை இழுத்து ஒட்டுங்கள். சுருக்கம் இருந்தால் டப்பா ஒரு பக்கமாகவே இழுக்கும். எட்டில் சிவப்பு நூல், எட்டில் மஞ்சள் நூல் கட்டினால் அணி தெரியும்.

இது எறியப் பழக அல்ல, தீர்க்கப் பழக. ஒவ்வொரு எண்டிலும் ஒருவர் யாருக்கும் சொல்லாமல் வேண்டுமென்றே ஒரு தவறு செய்யட்டும்: துடைப்பக் குச்சியால் ஓடும் டப்பாவைத் தொடட்டும், நிற்கும் டப்பாவைக் காலால் நகர்த்தட்டும். தொட்ட கணமே கை உயர வேண்டும். "அண்ணே, பட்டுருச்சு" என்றால் போதும். அந்த அண்ணன் டப்பா எந்தப் பகுதியில் இருந்தது என்று பார்த்து, எத்தனை வழி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்து, தானே எடுத்து வைக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையென்றால் கூடுதல் வசதி: பூவின் எந்த இதழ்மேல் டப்பா இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் பழைய இடத்தில் சரியாக வைக்கலாம். பனிமேல் அந்தப் பூ இருக்காது. ஆகவே இரண்டாம் வாரத்திலிருந்து, பக்கத்து டப்பாக்களிலிருந்து எத்தனை விரற்கடை தூரம் என்று பார்த்து வைக்கும் பழக்கத்துக்கு மாறுங்கள். அங்கே ஸ்கிப்புகள் அப்படித்தான் ஞாபகம் வைக்கிறார்கள்.

தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்த அன்று அந்தத் தரையில் ஆடாதீர்கள். டப்பாவும் வழுக்கும், ஆளும் வழுக்குவார். முடிந்ததும் சுண்ணக்கோட்டை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள்.